பட்டியலில் உப்புக்கு எந்த இடம்?

ஒரு கிலோ பருத்திப் பின்னல் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற, சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் ஏறத்தாழ 8 லிட்டர் தண்ணீர் வைக்கிறார்கள். நடுத்தர நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் உப்பு போட வேண்டும். கறுப்பு, கருநீலம் என்றால் 80 கிராம் வரையும் அதற்கு மேலும் போகும். தண்ணீரில் பருத்தி இழையும் சாயமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையிடம் கொண்டுசேர்ப்பதுதான் உப்பின் வேலை. வேலை முடிந்ததும் சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடுகிறது. உப்பு தங்குவதில்லை. போட்ட 400 கிராமும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். நாளொன்றுக்கு ஒரு டன் துணி ஓட்டுகிற பட்டறை ஆண்டில் 300 நாள் இயங்கினால் 120 டன் உப்பு. அதுபோல 700 பட்டறைகள் என்று வைத்துக்கொண்டால் 84,000 டன். இது உத்தேசக் கணக்குதான். பட்டறைக்குப் பட்டறை, நிறத்துக்கு நிறம் அளவு மாறும், பழைய வின்ச் தொட்டிகளில் தண்ணீரும் உப்பும் இதைவிட அதிகம். ஆனால் சாயப்பட்டறைகள் நிறைந்த திருப்பூரில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள இந்த உத்தேசமே போதும்.

ஒரு நிறுவனம் தன் வேலைகள் சுற்றுச்சூழலை எங்கெல்லாம் தொடுகின்றன என்று கண்டறிந்து, எதை முதலில் கவனிப்பது என்று வரிசைப்படுத்த வேண்டும் என்பது இன்று பல நாடுகளில் பழகிப்போன நடைமுறை. 1996இல் முதலில் வெளிவந்து 2004இலும் 2015இலும் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 14001 தரநிலைக்கு அடித்தளமே இதுதான். உப்புநீரை வெளியே விடுவது தொழிலின் ஒரு கூறு. கிணறு உவர்ப்பாவது அதன் தாக்கம். இப்படி ஒவ்வொரு கூறையும் அதன் தாக்கத்தையும் எழுதி, அன்றாட ஓட்டத்தில் நேர்வதோடு பழுதின்போதும் விபத்தின்போதும் நேரக்கூடியதையும் சேர்த்து, அவற்றில் குறிப்பிடத்தக்கவை எவை என்று பிரிக்கச் சொல்கிறது தரநிலை. எப்படிப் பிரிப்பது என்று அது சொல்வதில்லை. அளவுகோலை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் பெரும்பாலான ஆலைகள் ஒரு மதிப்பெண் தாளைக் கையாளுகின்றன: பாதிப்பின் கடுமைக்கு ஒன்று முதல் ஐந்து, எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்பதற்கு ஒன்று முதல் ஐந்து, சட்டம் தொடுகிறதா என்பதற்கு இன்னொரு எண்; பெருக்கி வரும் விடை ஓர் எல்லையைத் தாண்டினால் அது முக்கியம், தாண்டாவிட்டால் கோப்புக்குள் போய்விடும். இந்தத் தாளின் குறை, எண்களில் இருப்பதைவிட அது எழுதப்படும் இடத்தில்தான் இருக்கிறது என்பது என் வாதம். ஆலைக்குள் உட்கார்ந்து வாசலை நோக்கி எழுதப்படும் வரிசை, கழிவு போய்ச் சேரும் இடத்தில், அதாவது சேரிடத்தில், எது அழிக்கிறதோ அதைத் தவறவிடும். கிணற்றிலும் வயலிலும் ஆற்றிலும் தொடங்கி வாசலுக்குத் திரும்பிவரும் வரிசைதான் நம்பத் தகுந்தது.

1990களின் நடுவில் ஒரு சாயப்பட்டறை இப்படி ஒரு தாளை நேர்மையாகவே எழுதியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று யோசிக்கலாம். சலவைக்குப் பயன்பட்ட குளோரின் கலவை கண்ணையும் மூச்சையும் எரிக்கும்; அதற்குக் கடுமையில் ஐந்து. சாயநீர் சிவப்பாகவும் நீலமாகவும் ஓடுவது ஊரே பார்ப்பது, நான்கு. காஸ்டிக் சோடா கையைப் புண்ணாக்கும், நான்கு. உப்பு? நாம் சாப்பிடுகிற பொருள். நச்சுப் பட்டியல் எதிலும் இல்லை. தொழிலாளி மூட்டையைத் தோளில் சுமந்து கொண்டுவந்து கொட்டுகிறார், ஒன்றும் ஆவதில்லை. ஒன்று அல்லது இரண்டு போட்டிருப்பார்கள். அந்தத் தாளில் பொய் எதுவும் இருக்காது. பட்டறைக்குள் நிற்பவருக்கு உப்பு உண்மையிலேயே ஆபத்து இல்லாத பொருள்தான்.

சுத்திகரிப்பும் இதே பார்வையில்தான் அமைந்தது. பட்டறைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் முதலில் சுண்ணாம்பையும் பெரஸ் சல்பேட்டையும் கலந்து சாயத்தைத் திரித்து, அடியில் படியவைத்து, தெளிந்த நீரை வெளியே விட்டன. நிறம் கணிசமாகப் போனது. கரிமக் கழிவும் குறைந்தது. உப்பு முழுவதும் தண்ணீரிலேயே இருந்தது. போட்ட வேதிப்பொருள்களால் கரைந்த திடப்பொருளின் அளவு சில வேளைகளில் கூடவும் செய்தது. கண்ணுக்குத் தெரிந்த கேட்டை நீக்கியதால், தெரியாத கேடு தெளிந்த நீராகப் போய் மண்ணில் இறங்கியது. எதை முதலில் கவனிப்பது என்ற முடிவு பிழையானால், அதன் பின் செய்யும் நல்ல வேலையும் கேட்டுக்குத் துணைபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இல்லை என்றே நினைக்கிறேன்.

திருப்பூரின் கழிவுநீர் போய்ச் சேர்ந்த நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மழை மறைவுப் பகுதியின் ஆறு. ஆண்டில் பல மாதங்கள் அதில் சொந்த நீர் என்று பெரிதாக ஒன்றும் ஓடுவதில்லை. வறண்ட மாதங்களில் ஆற்றில் இருந்தது சாக்கடையும் சாயக்கழிவும்தான். கரைத்து நீர்க்கச் செய்ய வேறு தண்ணீர் இல்லை. இரு கரையிலும் கடினப்பாறை நிலம்; கிணற்று நீர் பாறை வெடிப்புகளில் நிற்பது, ஒருமுறை உவர்ப்பு ஏறினால் எளிதில் இறங்காது. இதே உப்பை, சாயம் நீக்கிய பிறகு, ஆழ்கடலில் விட்டிருந்தால் உவர்ப்பு என்ற அளவில் பேச ஒன்றுமே இருந்திருக்காது. ஆகவே உப்பின் கடுமை இரண்டா ஐந்தா என்ற கேள்விக்கு உப்பை ஆராய்ந்து விடை காண முடியாது. எந்த ஆறு, எந்த மண், ஆண்டுக்கு எவ்வளவு மழை, கிணறு எத்தனை ஆழம் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் காலப்போக்கில் தின்றுவிடும். உப்பைத் தின்ன எதுவும் இல்லை. போன ஆண்டின் உப்பின் மேல் இந்த ஆண்டின் உப்பு ஏறும்.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காக ஓர் அணை எழுந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. தங்களுக்காகக் கட்டிய அணையின் தண்ணீரைத் தங்கள் வயலுக்கு வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. தண்ணீர் இல்லாத நிலத்துக்கு மழையாவது ஒரு நம்பிக்கை. உவர்ப்பேறிய நிலத்துக்கு அதுவும் குறைவு. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு, பட்டறைகள் கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எட்ட வேண்டும் என்றது. அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கும் தண்டத்தொகையை விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நிபந்தனை நிறைவேறாததால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. கூலியை நம்பி வந்திருந்த குடும்பங்கள் ஊர் திரும்பின. மேல்கரையில் ஒரு வரிசைப் பிழையாகத் தொடங்கியதற்கு, கீழ்க்கரை விவசாயியும் மேல்கரைத் தொழிலாளியும் சேர்ந்து விலை கொடுத்தார்கள்.

இதற்குத் தொழில் தரப்பு சொல்லும் முதல் மறுப்பு நியாயமானது, விரிவாகவே பதில் சொல்ல வேண்டியது. ஒரு பட்டறையின் 120 டன் உப்பு தனியாக நொய்யலைக் கெடுத்திருக்குமா? கெடுத்திருக்காது. அப்படியென்றால் தன் தாளில் அதற்குக் குறைந்த மதிப்பெண் போட்டவர் மேல் என்ன குற்றம்? குற்றம் அவர் மேல் இல்லை. தாளின் எல்லை மேல்தான். ஒவ்வொரு தாளும் தன் வாசலோடு முடிவதால், எல்லாத் தாளிலும் உப்பு சிறியது, ஆற்றில் மட்டும் பெரியது. கூட்டல் நடக்கும் இடம் ஆறு. அந்தக் கூட்டலைச் செய்ய எந்த நிறுவனமும் கடமைப்பட்டிருக்கவில்லை. ஒரு கூறின் மதிப்பெண்ணோடு, அதே நீர்ப்படுகையில் அதே பொருளை விடுபவர்கள் எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்பதையும் ஒரு கட்டமாகச் சேர்த்திருந்தால் அன்றே விடை மாறியிருக்கும். அந்த மொத்தம் மறைபொருளும் அல்ல. எந்தப் பட்டறை மாதம் எத்தனை மூட்டை உப்பு இறக்கியது என்பது அதன் கொள்முதல் கணக்கிலேயே இருக்கும். உள்ளே போன உப்பு வெளியேயும் வந்தாக வேண்டும் என்பதால், ஆய்வகமே தேவைப்படாத கணக்கு இது.

சட்டம் வகுத்த அளவுக்குள் நின்றால் போதாதா என்பது இரண்டாவது மறுப்பு. தமிழ்நாட்டில் கழிவுநீரில், உப்பும் சேர்ந்த கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருந்தது. உப்புக்கு வரம்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது செறிவின் வரம்பு, மொத்தச் சுமையின் வரம்பு அல்ல. பட்டறைகள் இரட்டித்தாலும், ஒவ்வொன்றும் வரம்புக்குள் நின்றாலும், ஆற்றுக்குப் போகும் உப்பு இரட்டிக்கும். நீதிமன்றம் விதித்த தண்டத்தொகையும் லிட்டரைத்தான் எண்ணியது. வெளிர் மஞ்சள் சாயமிட்ட நீருக்கும் கருநீலம் இட்ட நீருக்கும் ஒரே 6 பைசா. இரண்டிலும் உள்ள உப்போ பல மடங்கு வேறுபடும். அந்த நெருக்கடியில் லிட்டரை அளப்பதுதான் எளிது என்பது புரிகிறது. என்றாலும் எதை அளக்கிறோமோ அதைத்தான் குறைப்பார்கள். இடத்தின் முக்கியத்துவம் அரசுக்குத் தெரியாததும் அல்ல: குறிப்பிட்ட ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் புதிய தொழில்களை அனுமதிக்கக் கூடாது என்று 1989இலேயே தமிழ்நாடு அரசு ஆணையிட்டிருந்தது. சட்ட வரம்பு என்பது குறைந்தபட்சம். வரிசைப்படுத்தும் வேலை அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

மதிப்பெண் முறை பாரபட்சமற்றது, சேரிடத்திலிருந்து தொடங்கினால் ஆளுக்கொரு கருத்து வந்துவிடும் என்றும் சொல்வார்கள். மதிப்பெண்ணைச் சற்று உற்றுப் பார்ப்போம். கடுமை ஐந்து, நேரும் வாய்ப்பு ஒன்று, பெருக்கினால் ஐந்து. கடுமை ஒன்று, தினமும் நேர்வதால் ஐந்து. பெருக்கினால் அதே ஐந்து. முதலாவது நச்சுவாயுக் கிடங்கு உடைவது. இரண்டாவது அலுவலகத்தில் காகிதம் வீணாவது. 1984 டிசம்பரில் போபாலில் ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் ஒரே தொட்டியில் கிடந்தபோது, குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது, எரிகோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றப்பட்டிருந்தது. வாய்ப்பு ஒன்றுதான் என்று எண்ணியவர்கள் அந்த ஒன்றை ஒன்றாகவே வைத்திருந்த காவல்களைக் கழற்றிவிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்பவை இங்கே வரிசை குறிக்கும் எண்கள். அவற்றைப் பெருக்கினால் கணிதம் மாதிரித் தோன்றும், கணிதம் ஆகிவிடாது. மீள முடியாத கேட்டை அடிக்கடி நேரும் சில்லறைக் கேடுகளோடு ஒரே தராசில் வைக்கவே கூடாது. அதற்குத் தனிக் கட்டம் வேண்டும். அதில் வாய்ப்பு குறைவு என்ற சமாதானத்துக்கு இடம் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தது; படகும் வலையும் கறுத்துப்போய் மீனவர்கள் தொழிலின்றி நின்றார்கள். 2015இன் வெள்ளத்தைப் பார்த்த சென்னையில், வெள்ளத்தை எதிர்பாராத நிகழ்வு என்று எந்தத் தாளிலும் எழுத இனி யாருக்கும் உரிமை இல்லை.

சேரிடத்திலிருந்து தொடங்கும் முறை வெறும் கருத்தாகிவிடும் என்பதும் சரியல்ல. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளை ஒரு குறியீட்டால் மதிப்பிட்டது. மாசு எங்கே பிறக்கிறது, எந்த வழியாகப் போகிறது, யாரை அல்லது எதைச் சென்று தொடுகிறது என்ற மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்ட முறை அது. 43 பகுதிகள் மிகக் கடுமையாக மாசுபட்டவை என்று வந்தது; வேலூர், கடலூர், மணலி, கோயம்புத்தூர் நான்கும் அதில் இருந்தன. குறியீட்டின் நுணுக்கங்கள் பற்றி விவாதம் உண்டு, அதன் பின் தொடர்ந்த நடவடிக்கையும் போதவில்லை. ஆனால் சேரிடத்தை எண்ணில் கொண்டுவர முடியும் என்பதை அது காட்டியது. அதே வாரியம் 2016இல் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்தபோது பார்த்தது தொழிலின் வகையை. இரண்டில் எது ஆலைகளின் அன்றாட நடைமுறைக்குள் நுழைந்தது என்று பார்த்தால், உரிமம் பெறத் தேவைப்படும் இரண்டாவதுதான்.

திருப்பூரின் பிற்கால வரலாறு இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. அரசின் வட்டியில்லாக் கடனோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மீண்டும் எழுந்தன. இன்று கழிவுநீர் உயிரியல் தொட்டிகளைக் கடந்து, எதிர் சவ்வூடு பரவல் சவ்வுகளில் பிரிந்து, எஞ்சும் அடர்ந்த உப்புநீர் ஆவியாக்கிகளில் கொதிக்கிறது. தண்ணீரில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பட்டறைக்கே திரும்புகிறது. உப்பிலும் ஒரு பகுதி மறுபடி சாயத்தொட்டிக்குப் போகிறது. இது பெரிய சாதனை. அதைச் செய்த பொறியாளர்களும் தொழில்முனைவோரும் உரிய மதிப்பைப் பெறவில்லை என்பது என் எண்ணம். ஆனால் உப்புநீரைக் கொதிக்கவைக்க நீராவி வேண்டும், நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும், சவ்வுகளை அழுத்தத்தில் இயக்க மின்சாரம் வேண்டும். கடைசியில் பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் சேர்கிறது. மழை படாமல் அதைக் காக்க வேண்டும், அதை வாங்குவார் இல்லை. ஆற்றுக்குப் போன சுமையில் ஒரு பகுதி புகையாகவும் இன்னொரு பகுதி கொட்டகைக்குள் காத்திருக்கும் ஆபத்தாகவும் உருமாறியிருக்கிறது. ஆறு பிழைக்க இந்த விலை தகும் என்றுதான் நானும் சொல்வேன். ஆயினும் 2006இன் பட்டியலை 2011க்குப் பிறகும் அப்படியே வைத்திருக்கும் ஆலை, இன்று தன் முதல் பிரச்சினை என்ன என்றே அறியாது.

கடைசி மறுப்பு எல்லையைப் பற்றியது. வாசலுக்கு வெளியே போனால் எங்கே நிற்பது? பருத்தி விளையும் காடு, கப்பல், வாங்குபவர் வீட்டுச் சலவை இயந்திரம் என்று கணக்கு முடிவில்லாமல் நீளாதா? நீளும், ஆனால் பெரிய சுமை எங்கே என்று உத்தேசமாகக் காண முழுக் கணக்கும் தேவையில்லை. பூமா நிறுவனம் 2010ஆம் ஆண்டுக்கான தன் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பணமாக மதிப்பிட்டு வெளியிட்டது. மொத்தம் 14.5 கோடி யூரோ. அதில் அதன் சொந்தக் கடைகளும் அலுவலகங்களும் கிடங்குகளும் சேர்ந்து சுமார் 6 விழுக்காடுதான். பாதிக்கும் மேல் தோல், பருத்தி, ரப்பர் போன்ற மூலப்பொருள் உற்பத்தியில் கிடந்தது. தன் வாசலுக்குள் மட்டும் வரிசை எழுதியிருந்தால் அந்த நிறுவனம் 94 விழுக்காட்டைப் பார்க்காமலே பட்டியலை முடித்திருக்கும். ஐ.எஸ்.ஓ. 14001இன் 2015 பதிப்பு, நிறுவனம் தன் கட்டுப்பாட்டில் உள்ளவற்றோடு தன் செல்வாக்குக்கு உட்பட்டவற்றையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இதைத் திருப்பூருக்குப் பொருத்தினால், உப்பைப் பற்றிய பொறுப்பு பட்டறையோடு நிற்பதில்லை. எந்த நிறம், எவ்வளவு அடர்த்தி, எந்த விலை என்று தீர்மானிப்பவர் வெளிநாட்டு வாங்குபவர். உப்பே போடாமல் சாயத்தைத் துணியில் அழுத்தி ஏற்றிக் குளிர்நிலையில் ஊறவைக்கும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. உப்பு குறைவாகக் கேட்கும் சாயங்களும் வந்துவிட்டன. புதிய இயந்திரத்துக்கான முதலீடும், நிறம் சற்று மாறிவந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பும் வாங்குபவரின் கெடுபிடியும்தான் பட்டறையைப் பழைய வழியில் நிறுத்துகின்றன. கருநீலச் சட்டையை ஆர்டர் செய்யும் நிறுவனம், அந்த நிறத்துக்குப் போகும் உப்பைத் தன் பட்டியலில் எழுதினால் பேரத்தின் போக்கே மாறும். இப்போதைக்கு அந்த உப்பு யார் பட்டியலிலும் முழுதாக இல்லை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு 2022-23 முதல் விரிவான நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது; கூட்டாளிகளும் குடும்பங்களும் நடத்தும் பட்டறைகள் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள் வருவதில்லை.

ஆகவே வரிசையைத் தனித்தனி ஆலையிடம் மட்டும் விட்டுவைக்காமல் நீர்ப்படுகை அளவில் ஒரு பொதுப் பட்டியல் எழுத வேண்டும் என்கிறேன். நொய்யலுக்கு அப்படி ஒன்று இருந்தால், அதில் ஒவ்வொரு பட்டறையும் வாங்கிய உப்பு, மீட்ட உப்பு, கொட்டகையில் கிடக்கும் கலப்பு உப்பு, எரித்த விறகு ஆகிய நான்கும் மாதந்தோறும் ஏற வேண்டும். அதன் எதிர்ப்பக்கத்தில் இரு கரைக் கிணறுகளின் உவர்ப்பு அளவு, ஒரே கிணறு ஒரே மாதம் என்ற ஒழுங்கில், ஏற வேண்டும். வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைத் தொடர்ந்து அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம், நொய்யல் கரையின் ஆயிரக்கணக்கான விவசாயிகளுக்கு ஏற்பட்ட சேதத்தை ஊர் ஊராக மதிப்பிட்டது; கிணற்றையும் நிலத்தையும் கொண்டு கணக்கு எழுதுவது இங்கே புதிதல்ல. அந்த வேலை சேதம் முடிந்த பிறகு, இழப்பீட்டுக்காக நடந்தது. அதையே முன்கூட்டி, எதை முதலில் குறைப்பது என்று முடிவெடுப்பதற்காகச் செய்ய வேண்டும். கடுமைக்கு எத்தனை மதிப்பெண் என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் பட்டறை மேலாளரும் வாரியப் பொறியாளரும் வாங்கும் நிறுவனத்தின் ஆளும் இருக்கட்டும். அவர்களோடு ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே பயிர் வைக்கும் விவசாயியும் சம வாக்கோடு உட்கார வேண்டும். உப்புக்கு இரண்டா ஐந்தா என்ற கேள்வி அவர் முன்னிலையில் எழுந்திருந்தால் விவாதம் அதிக நேரம் நீண்டிருக்காது.